பதில் வராத தீவெல்லாம் சம்மதம்

கருத்துக் கேட்கிற தொழிலில் ஒரே ஒரு ஆபத்துதான்: கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நீங்களும் ஏதோ ஒரு சங்கத்திலோ, குடியிருப்போர் கூட்டத்திலோ, ஆண்டுவிழாக் குழுவிலோ மாட்டியிருப்பீர்கள். "எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க" என்று யாரோ சொன்னதை நம்பிப் பேசியிருப்பீர்கள். பேசிய பாவத்துக்கு ஒரு வேலையைத் தலையில் கட்டிக்கொண்டு வீடு திரும்பியிருப்பீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு வாக்குறுதி தருகிறேன். இதில் ஒரு இடத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். எந்த இடம் என்றும் சொல்லிவிடுகிறேன்: கரண்ட் போகிற இடம். ஆனால் இப்போதைக்குப் போகாது. குளிக்கும்போதும் மாவு அரைக்கும்போதும் தவறாமல் போகிற எங்கள் போர்ட் பிளேர் கரண்ட், ஆள் காத்திருந்தால் மட்டும் அசையாது. அதுவரை பொழுது போக வேண்டாமா? வேறு கதை பேசுவோம்.

ரெண்டு பின்னல்

என் அம்மா ஸ்டெல்லா ஒரு நர்ஸ். தீவு நர்ஸுகள் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். தலைவி பத்மாவதி மேடம். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு டூட்டி போடுகிறவரும் அவர்தான். மற்றவர் குரலில் பேசுவது என் பொழுதுபோக்கு; நான் பேசிப் பார்த்த குரல்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது மேடத்தின் குரல். ஊசி போடுகிற மாதிரியே பேசுவார். முதலில் மெதுவாகத் தடவிக்கொடுப்பார், கடைசி வார்த்தையில் குத்துவார். "ஸ்டெல்லா... நீ நல்லாத்தாம்மா வேலை பார்க்கிறே... ஆனா லேட்டு!" அந்த 'லேட்டு' நேராக இடுப்பில் இறங்கும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு, மெயின்லேண்ட் காலேஜில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஜங்லிகாட் வீட்டு மாடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நாட்கள். அப்பாவின் படகு இன்ஜின் பட்டறையில் சும்மா கிடந்த ஒரு சிம்மிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஸ்டெல்லா... இது என் புது நம்பர்மா... யூனிஃபார்ம் ரூல் மாறியிருக்கு... கொண்டை கூடாது... நாளைலேர்ந்து எல்லா சிஸ்டரும் ரெண்டு பின்னல், வெள்ளை ரிப்பன்!" அம்மா எழுந்து நின்று "சரி மேடம்" என்றாள். போனில் பேசுகிறவர்களுக்கு எழுந்து நிற்பது அவள் வழக்கம்.

மறுநாள் காலை பீரோவைக் கவிழ்த்து என் பழைய ஸ்கூல் ரிப்பனைக் கண்டுபிடித்து, ரெண்டு பின்னல் போட்டு, ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணி கேட் வரைக்கும் போய்விட்டாள். டீ கிளாஸோடு வாசலில் நின்ற அப்பா, "ஏ ஸ்டெல்லா, எந்த ஸ்கூல்ல சேர்ந்திருக்க?" என்றார். என்னால் அடக்க முடியவில்லை. மாடியிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு அம்மா ஸ்கூட்டியை நிறுத்தினாள், தலையைத் தூக்கினாள். ரிப்பன் காற்றில் ஆடியது. கத்தவில்லை. மேடத்தைவிட மெதுவாகச் சொன்னாள்: "இவ்வளவு நல்ல தொண்டையை வீட்ல வெச்சு வீணாக்கக் கூடாது ஜெனி. இன்னைக்கே சங்கத்துல வேலைக்குச் சேர்ற."

அச்சுறுத்தல் என்றால் என்ன?

வேலை இதுதான். மேடம் மெயின்லேண்டில் ஏதோ மாநாட்டுக்குப் போனவர், 'விஷன்' என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வந்திருந்தார். அதிலிருந்து சங்கத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் தேவைப்பட்டது. அதன் முதல் பக்கத்தில் 'உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு உருவாக்கப்பட்டது' என்று போட வேண்டும். இரண்டாம் பக்கத்திலிருந்து என்ன வரும் என்பதை யாரையும் கேட்காமலே மேடம் எழுதி முடித்திருந்தார். திட்டத்தின் முதல் வேலை: சங்கக் கட்டிடத்தில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கும் பின்னறையைக் காலி செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, 'தலைவர் அறை' ஆக்குவது. தீவு தீவாகப் போன் போட்டு, சங்கத்தின் பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கேள்வி கேட்பது என் பொறுப்பு.

முதலில் ஹேவ்லாக். அங்கே இருக்கும் பிஸ்வாஸ் ஆண் நர்ஸ். எல்லோருக்கும் பிரதர். வங்காளி. மனைவி தமிழ். தமிழை மாமியார் வீட்டில் மீன் குழம்போடு சேர்த்துக் கற்றுக்கொண்டவர். அவர் வாயில் எல்லா 'அ'வும் வட்டமாக 'ஒ' ஆகிவிடும். "ஜெனி பேட்டா! ஒம்மா நொல்லா இருக்காங்களா?" ஒரே போனில் அவர் குரலைப் பிடித்துவிட்டேன். வாய்க்குள் ரசகுல்லா இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினால் போதும்.

பலம் என்ன பிரதர் என்றேன். தனி ஆளாக ஸ்ட்ரெச்சரைத் தூக்குவாராம். பலவீனம்? முட்டி. சங்கத்தைப் பற்றிக் கேட்கிறேன் பிரதர் என்று விளக்கியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்ப்பு என்றதும் "கெடைச்சா வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றார். அச்சுறுத்தல் என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஸ்கூட்டி!" டூரிஸ்ட்டுகள் வாடகைக்கு ஸ்கூட்டி எடுக்கிறார்களாம், பின்னால் உட்கார்ந்த புதுப்பெண் கையை விரித்து செல்ஃபி எடுக்கிறாளாம், அடுத்த வளைவில் ரெண்டு பேரும் முட்டி தேய்ந்து இவரிடம் வருகிறார்களாம். அது சங்கத்துக்கு அச்சுறுத்தல் இல்லையே பிரதர் என்றேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. என் அறியாமைக்கு அஞ்சலி போலிருக்கிறது. பிறகு சொன்னார்: "ஒய்யோ பேட்டா, இருக்கிற பொஞ்செல்லாம் ஹனிமூனுக்கே தீர்ந்து போகுது. பொஞ்சு இல்லாத நொர்ஸுக்கு சொங்கம் எதுக்கு?"

ஒட்டாத கனவுகள்

கரண்ட் இன்னும் போகவில்லை. சொல்லப்போனால், அது போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த ஒரே நாளில்கூட அது போகவில்லை.

அன்றைக்கு உள்ளூர் உறுப்பினர்களுக்கான கூட்டம். கனவுகளை ரோஸ் காகிதத்திலும் கவலைகளை மஞ்சள் காகிதத்திலும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று மாநாட்டில் மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜங்லிகாட் கடையில் மஞ்சள் மட்டும்தான் இருந்தது. ரோஸ், ஷிப்பில் வந்துகொண்டிருக்கிறது என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் இல்லாத எல்லாமே ஷிப்பில்தான் வந்துகொண்டிருக்கும். ஆகவே எல்லோரும் எல்லாவற்றையும் மஞ்சளிலேயே எழுதி, சுவரின் இடது பக்கம் கனவு, வலது பக்கம் கவலை என்று ஒட்டினார்கள். மெயின்லேண்டில் இந்தக் காகிதம் ஒட்டும்போலிருக்கிறது. எங்கள் மழைக்கால ஈரக் காற்றில் நெற்றியில் பொட்டே நிற்காது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கனவும் கவலையும் கலந்து தரையில் கிடந்தன. மேடம் வருவதற்குள் நானும் அம்மாவும் அள்ளி, கைக்கு வந்த பக்கத்தில் செலோ டேப் போட்டு ஒட்டினோம்.

மேடம் இடது பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். "நம் கனவு... நைட் டூட்டிக்கு ஆட்டோ கிடைப்பதில்லை." தலையாட்டினார். "நம் கனவு... மாமியார்." கொஞ்சம் யோசித்து, அதற்கும் தலையாட்டினார். உறுப்பினர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள். யாரும் திருத்தவில்லை. டூட்டி போடுகிற பேனா மேடத்தின் கையில் இருந்தது. அடுத்த காகிதத்தில் மேடம் நின்றார். 'பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை' என்று எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா... தாழ்ப்பாளே இல்லாத ஒரு நிர்வாகம்... இதை எழுதினது யாரும்மா... இதுக்குப் பேர்தான் வெளிப்படைத்தன்மை!"

தண்ணீர்த் தொட்டி மேல் மல்லிகா ஆன்ட்டி

தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேக்குப் போன் கிடைப்பது லாட்டரி. அங்கே நர்ஸாக இருக்கும் மல்லிகா ஆன்ட்டிக்கு சிக்னல் வேண்டுமென்றால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டும். ஆன்ட்டியின் அப்பா பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆகி, அரசாங்கம் கொடுத்த நிலத்தில் அங்கே குடியேறியவர், ராமநாதபுரம் பக்கம். ஆன்ட்டி பேசினால் முற்றுப்புள்ளியே இருக்காது. லைன் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே மூச்சு, உச்சக் குரல். அந்தக் குரலைப் பிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கண்ணை மூடினால்தான் வரும்.

பலம், பலவீனம் என்று நான் ஆரம்பித்ததுமே வெட்டினார். "அதெல்லாம் கிடக்கட்டும் பாப்பா நான் சொல்றதை மட்டும் எழுது. இங்க சமாளிக்க முடியாத கேஸை ஹெலிகாப்டர்லயோ ஷிப்லயோ ஏத்தி நான்தான் கூட வர்றேன். பெரிய ஆஸ்பத்திரில ஒப்படைச்சதும் என் வேலை முடிஞ்சது. திரும்பிப் போக ஷிப் இருக்காது. இருந்தா டிக்கெட் இருக்காது. டிக்கெட் இருந்தா கடல் சரியில்லம்பான். அதுவரைக்கும் எங்க படுக்க? போன தடவை வராந்தாவுல காலியா ஒரு டிராலி இருந்துச்சு, கண்ணை மூடிட்டேன். யாரோ பேஷன்ட்டுன்னு நெனச்சு வார்டு பையன் தள்ளிட்டுப் போயிட்டான். எக்ஸ்ரே எடுத்த பெறகுதான் முழிச்சேன். எலும்பெல்லாம் நல்லா இருக்காம்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆன்ட்டியும் சிரித்தார். பிறகு சிரிப்பு அந்தப் பக்கம் மட்டும் நின்றுவிட்டது. "பின்னறையில ஒரு கட்டில் போடச் சொல்லு பாப்பா. அடுத்த ஷிப்புல மறுபடி ஒரு பிரசவ கேஸைக் கூட்டிட்டு வர்றேன். கேஸுக்குக் கட்டில் கெடச்சுடும். கூட்டிட்டு வர்றவளுக்குத்தான் கெடைக்காது."

கடைசிக் கூட்டம் ஆன்லைனில் நடக்கும் ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் எந்தத் தீவிலிருந்து பதில் வரவில்லையோ அந்தத் தீவு சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். கேம்பல் பே இதுவரை எல்லாவற்றுக்கும் சம்மதம். ஆண்டுவிழாவுக்கு மாம்பழக் கலர் சேலை என்று முடிவானதற்கும் சம்மதம். "எனக்கு அந்தக் கலரே ஆகாது பாப்பா" என்றார். "மழை பெஞ்சா அன்னைக்கும் லைன் வராது. நீ எல்லார் மாதிரியும் பேசுவியாம்ல, ஒங்க அம்மா சொன்னா. லைன் வரலைன்னா என் குரல்லயே சொல்லிடு. ஆனா சுனோ, கேட்டுக்கோ, நான் சொன்னதை மட்டும் சொல்லு, ஒன் சரக்கு ஒண்ணும் சேர்க்காத."

ஹேவ்லாக் வாயைத் திறந்திருக்கிறது

கூட்டத்தன்று காலையிலிருந்தே மழை. சங்கத்து லேப்டாப்பை மேஜை மேல் வைத்து, சத்தத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைப் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். லேப்டாப்புக்குப் பேட்டரி செத்து வெகு காலம் ஆகிறது. வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

திரையில் ஹேவ்லாக் வந்தது. பிஸ்வாஸ் பிரதர் "வொணக்கம்" என்று ஆரம்பித்தவர், வாய் பாதி திறந்தபடியே உறைந்துபோனார். கேம்பல் பேக்கு முகமே இல்லை. 'மல்லிகா' என்ற பெயரும், அதன் மேல் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு வட்டமும்தான். மேடம் திட்டத்தை எடுத்தார். "முதல் வேலை... பின்னறையை... தலைவர் அறை ஆக்குவது. ஆட்சேபம் உண்டா?" உள்ளூர் சிஸ்டர்கள் சமோசா தட்டை ஆராய்ந்தார்கள். மேடம் திரைக்குக் குனிந்தார். பிரதரின் திறந்த வாயைப் பார்த்தார். "ஏதோ சொல்ல வர்றாரு மேடம்" என்றாள் அம்மா. மேடம் கொஞ்சம் காத்திருந்தார். வாய் மூடவில்லை. "ஆட்சேபம் இருந்தா இதுக்குள்ள சொல்லியிருப்பாரும்மா... ஹேவ்லாக்... சம்மதம்னு எழுது!"

கரண்ட்

நான் அப்போது ஹாலில் இல்லை. பிரதர் உறைந்ததுமே ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் நழுவிவிட்டேன். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தேன். அங்கே விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை.

"கேம்பல் பே..." என்று மேடம் ஆரம்பித்தார். அம்மாவின் பேனா 'ச' போடத் தயாராகக் காகிதத்தைத் தொட்டது. நான் கண்ணை மூடினேன், மக்கை வாயில் கவிழ்த்தேன். "ஹலோ ஹலோ மேடம் கேக்குதா சம்மதம் இல்ல மேடம்!"

நாற்காலிகள் நகரும் சத்தம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மேடம் ஸ்பீக்கர் பெட்டியைப் பிசாசைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். ரெண்டு பின்னலும் வெள்ளை ரிப்பனும் அவள் முகத்தில் வந்து போயின. ஒரு வார்த்தை போதும், நான் தொலைந்தேன். அம்மா தொண்டையைக் கனைத்தாள். "லைன் நல்லா இருக்கு மேடம். கேளுங்க" என்றாள்.

"மல்லிகாவா... சொல்லும்மா!" என்று மேடம் பெட்டியிடம் கத்தினார். நான் சொன்னேன். ஷிப், டிக்கெட், கடல், டிராலி, எக்ஸ்ரே, ஆன்ட்டி சொன்ன வரிசையில், ஆன்ட்டி சொன்ன மூச்சில். எனக்கு மூச்சு முட்டிய இடத்தில் மட்டும் "ஹலோ ஹலோ" போட்டு லைனை அறுத்துக்கொண்டேன். எக்ஸ்ரேயில் ஹாலே சிரித்தது. கேஸுக்குக் கட்டில் கிடைக்கும், கூட்டிக்கொண்டு வருகிறவளுக்குக் கிடைக்காது என்ற இடத்தில் சமோசா மெல்லும் சத்தமும் நின்றது.

மேடம் கையிலிருந்த திட்டத்தை மேஜை மேல் வைத்தார். பிறகு பேசிய குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குப் பேசவும் வராது. "நானும் ஒரு காலத்துல கட்சால் தீவுல இருந்தேன் மல்லிகா. ஷிப் வரலைன்னு கப்பல் துறையில சிமென்ட் மூட்டை மேல படுத்திருக்கேன். இந்த முதுகுவலி அங்க வாங்கினதுதான். எனக்கு யாரும் எக்ஸ்ரேகூட எடுக்கல." அம்மா பக்கம் திரும்பினார். "எழுது ஸ்டெல்லா... பின்னறை... தலைவர் அறை இல்ல... வெளித்தீவு சிஸ்டருங்க தங்குற அறை." கடைசி வார்த்தையில் குத்தவே இல்லை. அம்மா எழுதினாள், மேடம் கையெழுத்துப் போட்டார், சிஸ்டர்கள் கை தட்டினார்கள். நான் அதோடு வாயை மூடியிருக்க வேண்டும்.

"வேற என்னம்மா வேணும்... கூச்சப்படாம சொல்லு!" என்றார் மேடம். எனக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. ஆன்ட்டியின் எச்சரிக்கை எங்கோ கடலில் விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, உச்சக் குரலில், ஒரே மூச்சில் அளக்க ஆரம்பித்தேன். அந்தக் கணத்தில்தான், உங்களிடம் நான் சொல்லி வைத்திருந்த கரண்ட் போனது. ஹாலில் ஃபேன் நின்றது, டியூப் லைட் அணைந்தது, லேப்டாப் கறுத்தது, ஸ்பீக்கர் பெட்டியின் பச்சை விளக்கு செத்தது. இருட்டிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. கேம்பல் பே கணீரென்று பேசிக்கொண்டே இருந்தது: "அப்புறம் மேடம் பாத்ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும் மேடம் மத்த ரூம் மாதிரி வெளிப்படைத்தன்மை எல்லாம் எங்களுக்கு வேண்டாம் மேடம் டீக் ஹை மேடம்?"

சரிதானே என்று தீவு ஹிந்தியில் முடித்துவிட்டு மூச்சு வாங்கினேன். கண்ணைத் திறந்து இடுக்கில் பார்த்தேன். மேடம் கறுத்துப்போன லேப்டாப்பைப் பார்த்தார். செத்த ஸ்பீக்கரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சமோசா தட்டைப் பார்த்தாள். பிறகு மேடத்தின் செருப்புச் சத்தம் கதவை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக வந்து நின்றது. மக்கை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது, முதலில் தடவிக்கொடுத்து: "கேம்பல் பே சிஸ்டர்... நான் போட்ட கையெழுத்து மாறாதும்மா... ஆனா கரண்ட் போயிடுச்சு... வெளியே வந்து, ரூமைக் கூட்டு!"

எங்கள் ஊரில் தூரத்துத் தீவின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், எல்லா லைனும் செத்த பிறகு பக்கத்து அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.